கொன்சோ மலைநாடு: கல், சோளம், முருங்கை பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தெற்கு எத்தியோப்பியாவின் கொன்சோவைப் பற்றிப் பேச்செடுத்தால் அநேகமாக ஒரே சந்தேகங்கள்தான் திரும்பத் திரும்ப வருகின்றன. வறண்ட நில விவசாயம் படிப்பவர்கள் கேட்பவை, அந்தப் பக்கம் பயணம் கிளம்புகிறவர்கள் கேட்பவை, படத்தில் பார்த்துவிட்டு வியந்தவர்கள் கேட்பவை எல்லாம் கீழே இருக்கின்றன. கேட்டவர்களின் வாய்மொழியிலேயே கேள்விகளை விட்டிருக்கிறோம்.

கொன்சோங்கிறது ஊர் பேரா, மாவட்டமா, இல்ல ஒரு இனமா?

மூன்றுக்கும் அதுதான் பெயர். எத்தியோப்பியாவின் தென்மேற்கில், அர்பா மிஞ்ச் நகரத்திலிருந்து தெற்கே சுமார் 90 கி.மீ. தொலைவில் இருக்கிற மலைநாடு கொன்சோ. அங்கே வாழும் மக்களும் கொன்சோ, அவர்கள் பேசும் மொழியும் கொன்சோ. ஒரோமோ மொழிக்கு உறவான குஷித்திய மொழி அது. தலைமையிடம் கராத் என்ற சிறு நகரம். வெளியூர்க்காரர்கள் அதையும் 'கொன்சோ' என்றே சொல்லிவிடுவதால்தான் இந்தக் குழப்பம்.

நிர்வாகப் பெயர் பலமுறை மாறியிருக்கிறது. நெடுங்காலம் 'சிறப்பு வொரேடா', அதாவது தனி மாவட்டம். 2011இல் அக்கம்பக்கத்து மக்களோடு சேர்த்து சேகென் என்ற மண்டலத்துக்குள் வைத்தார்கள். மக்கள் அதை எதிர்த்துப் போராடி 2018இல் தனி மண்டலம் பெற்றார்கள். 2023 முதல் அது தெற்கு எத்தியோப்பிய மாநிலத்தில் இருக்கிறது. பழைய நூலில் ஒரு பெயரும் புதிய வரைபடத்தில் வேறு பெயரும் இருந்தால் இடம் மாறிவிட்டதாக நினைக்க வேண்டாம். 2007 கணக்கெடுப்பின்போது பரப்பு சுமார் 2,300 சதுர கி.மீ., மக்கள் தொகை சுமார் 2.35 லட்சம். அதில் நகரவாசிகள் மிகச் சிலரே.

பாலைவனமா, மலையா? மழை பெய்யுமா பெய்யாதா?

மலை. ஆனால் வறண்ட மலை. பள்ளத்தாக்கின் அடியில் கடல்மட்டத்திலிருந்து சுமார் 500 மீட்டர், உச்சிகளில் 2,000 மீட்டர். எரிமலைப் பாறை நிலம் என்பதால் கருங்கல்லுக்குப் பஞ்சமே இல்லை.

மழை ஆண்டுக்கு இரண்டு பருவமாக வரும். பெரிய மழை பிப்ரவரிக் கடைசியிலோ மார்ச்சிலோ தொடங்கி மே வரை. சிறு மழை செப்டம்பர், அக்டோபர் தொட்டு நவம்பர் வரை. மொத்தம் எத்தனை மில்லிமீட்டர் என்பதைவிட, அது எப்படி வருகிறது என்பதுதான் அங்கே பிரச்சினை. ஒரே மாலையில் கொட்டித் தீர்த்துவிட்டு மூன்று வாரம் காணாமல் போகும். அந்த ஒரு மாலையின் தண்ணீரைச் சரிவில் ஓடவிட்டால் மண்ணும் அதோடு போய்விடும். கொன்சோக்காரர்களின் வேலை முழுக்க அந்தத் தண்ணீரைப் பிடிப்பதுதான்.

தண்ணி கீழே ஆத்துல இருக்கு, ஊரை ஏன் மலை உச்சியில கட்டுறாங்க?

காரணங்கள் பல. முதலாவது பாதுகாப்பு. 'பலேதா' எனப்படும் பழைய ஊர்கள் எதிரி வருவது தூரத்திலேயே தெரியும் மேடுகளில் அமைந்தவை. ஊரைச் சுற்றி ஒன்று முதல் ஆறு அடுக்கு வரை கற்சுவர்கள் இருக்கும். ஊர் பெருத்து வெளியே வழியும்போது புதிதாக ஒரு சுற்றுச் சுவர் எழும். ஆகவே உள்சுற்றுதான் மூத்தது.

இரண்டாவது நோய். தாழ்நிலத்தில் மலேரியாவும், மாட்டைக் கொல்லும் ட்செட்சி ஈயும் உண்டு. நல்ல நிலத்தில் வீடு கட்டி வீணாக்காமல் பாறை மேட்டில் குடியிருப்பது இன்னொரு இலாபம். விலை, தினமும் தண்ணீர்க்குடத்தோடு ஏறி இறங்குவது. அதைச் சுமப்பவர்கள் பெண்கள்.

ஊருக்குள்ள போனா ஒரே சந்தும் சுவருமா இருக்கு. எது என்னன்னு எப்படிப் புரிஞ்சுக்கிறது?

சந்துகள் ஆள் உயரக் கற்சுவர்களுக்கும் மரவேலிகளுக்கும் நடுவே ஓடும். ஒவ்வொரு வீட்டு வளவும் இரண்டு மட்டமாக இருக்கும்: மேல்மட்டத்தில் மனிதர்கள், கீழ்மட்டத்தில் ஆடுமாடு. வாசல் தாழ்வானது, குனிந்து, சில வீடுகளில் தவழ்ந்துதான் நுழைய வேண்டும். அந்நியன் நுழைந்தால் தலைதான் முதலில் உள்ளே வரும் என்பது பழைய போர்க்காலக் கணக்கு. கூரை உச்சியில் ஒரு மண்பானை கவிழ்ந்திருக்கும். தானியக் குதிர் கால்கள் மேல் நிற்கும்.

சந்து திடீரென்று அகன்று முற்றமானால் அதுதான் 'மோரா', ஊர்ப் பொதுவிடம். சில ஊர்களில் 17 மோரா வரை உண்டு. அங்குள்ள பொதுவீட்டின் கீழ்ப்பகுதி நாலுபுறமும் திறந்திருக்கும். பகலில் ஆண்கள் அங்கே உட்கார்ந்து வழக்குப் பேசுவார்கள், நூல் நூற்பார்கள், ஆடுபுலி மாதிரியான ஆட்டம் ஆடுவார்கள். மேலே பரண். வளர்ந்த பையன்கள் இரவில் அங்கேதான் படுப்பார்கள். நெருப்புப் பிடித்தாலும் யாருக்காவது உடம்புக்கு முடியாமல் போனாலும் கூப்பிட்டவுடன் எழுந்து ஓட ஒரு கூட்டம் தயாராக இருக்கும்.

அந்தப் படிக்கட்டு வயலை எப்படித்தான் கட்டுறாங்க? சிமெண்டே இல்லாம எப்படி நிக்குது?

சிமெண்ட் இல்லாததால்தான் நிற்கிறது. இதை முதலில் விளங்கிக்கொண்டால் மற்றதெல்லாம் எளிது. மழையில் ஊறிய மண் தன் எடையோடு தண்ணீரின் எடையையும் சேர்த்துச் சுவரைத் தள்ளும். பூசிய சுவரில் தண்ணீருக்கு வழி இல்லை. ஒருநாள் மொத்தமாகச் சாயும். வெறுங்கல் சுவரில் இடுக்குகள் வழியே தண்ணீர் கசிந்து வெளியேறும், மண் உள்ளேயே நிற்கும்.

வேலை இப்படிப் போகும். சரிவின் மட்டத்தைக் கண்ணாலேயே பார்த்துக் கோடு பிடிக்கிறார்கள். கோடு சரிவுக்குக் குறுக்காக, ஏற்ற இறக்கம் இல்லாமல் போக வேண்டும். அந்தக் கோட்டில் கெட்டி மண் அல்லது பாறை தட்டும் வரை கடைக்கால் தோண்டுகிறார்கள். ஆகப் பெரிய கற்கள் அடியில். அடுத்தடுத்த வரிசையில், கீழே இரண்டு கல் சேரும் இடத்தின் மேல் ஒரு கல் உட்கார வேண்டும். நேராக இடுக்கு மேல் இடுக்கு வந்தால் அந்தக் கோட்டிலேயே சுவர் பிளக்கும். சுவர் மலைப்பக்கமாகக் கொஞ்சம் சாய்ந்திருக்கும். பின்னால் முதலில் சில்லுக்கல், அதன் பின்னால்தான் மண். சில்லுக்கல் போடாவிட்டால் மண் நேராக இடுக்குகளை அடைத்துவிடும், பூசிய சுவர் கதைதான். சுவரின் தலை வயல் மட்டத்தைவிடச் சற்று உயர்ந்து வரப்பு மாதிரி நிற்கும். மழை வயலிலேயே தேங்க அது வேண்டும். அளவுக்கு மேல் தேங்கினால் வழிய ஓரத்தில் கலங்கு மாதிரி ஒரு திறப்பு, அதன் கீழே தண்ணீர் விழும் இடத்தில் தட்டைக்கல்.

சுவரின் உயரம் சரிவைப் பொறுத்தது. மென்சரிவில் முழங்கால் உயரமே போதும். செங்குத்தான சில இடங்களில் 5 மீட்டர் வரை ஏறியிருக்கிறது. அப்படி ஒரு சுவரைக் கட்டிக் கிடைப்பது நாலு முழ அகல வயலாகக்கூட இருக்கலாம்.

ஒரு தடவை கட்டிட்டா தலைமுறைக்கும் போதுமா?

போதாது. ஒவ்வொரு ஆண்டும் பராமரிப்பு உண்டு. நடு உயரத்தில் சுவர் வயிறு தள்ளினால் பின்னால் தண்ணீர் தேங்குகிறது என்று அர்த்தம். அப்போதே பிரித்துக் கட்டினால் அரைநாள் வேலை. விட்டால் அடுத்த பெருமழையில் அங்கே உடையும். உடைந்த வாயில் தண்ணீர் ஒரே தாரையாகக் கீழ் வயலில் விழும், அதன் சுவர் தாங்காது, அதற்குக் கீழே உள்ளதும் போகும். மேல்வயல்காரர் அலட்சியமாக இருந்தால் நட்டம் கீழ்வயல்காரருக்கு. ஆகவே அடுத்தவர் சுவரைப் பற்றிப் பேசவும், பஞ்சாயத்துக்கு இழுக்கவும் அங்கே எல்லோருக்கும் உரிமை உண்டு.

அறுவடை முடிந்து மழை தொடங்கும்வரை உள்ள வறண்ட மாதங்கள்தான் கல்வேலைக் காலம். தனி ஆளால் ஆகாத வேலைக்கு ஊர்க்கூட்டம் வரும். வயல்காரர் சாப்பாடும் சோளக் கள்ளும் தர வேண்டும். ஆள் இல்லாமல் போன வயல்களில் சுவர்கள் இடியத் தொடங்கிவிட்டன. இந்தச் சுவர்களை 'பழமைச் சின்னம்' என்று மட்டும் பார்ப்பது தவறு என்று அழுத்திச் சொல்வது இதனால்தான்.

என்னென்ன பயிர்? எப்போ விதைப்பாங்க?

முதற்பயிர் சோளம். விதைவகைகள் ஏராளம்: மேட்டுக்கு ஒன்று, தாழ்நிலத்துக்கு ஒன்று, கள்ளுக்கு ஒன்று. பெரிய மழையின் முதல் ஈரத்தில் விதைப்பு. சோளம் மட்டும் தனியாக நிற்பது அபூர்வம். அதே வயலில் மக்காச்சோளம், துவரை, அவரை, மொச்சை, பூசணி, பருத்தி என்று கலந்தே போடுவார்கள். மழை ஏய்த்தால் ஏதாவது ஒன்றாவது பிழைக்கும். உயரமான இடங்களில் கோதுமை, பார்லி, கொஞ்சம் காப்பியும் உண்டு.

சோளத்தை வேரோடு பிடுங்க மாட்டார்கள். கதிர் அறுத்த பிறகு கட்டையிலிருந்து துளிர்ப்பதைச் சிறு மழையில் வளரவிட்டு இரண்டாம் முறை அறுப்பார்கள், மறுதாம்பு கரும்பு மாதிரி. விளைச்சல் குறைவு, ஆனால் விதைச் செலவும் உழவும் மிச்சம்.

இன்னொரு நுணுக்கத்தை வயலில் குனிந்து பார்த்தால்தான் தெரியும். அடுக்கு வயலின் உள்ளேயும் மண்ணையும் சோளத்தட்டையையும் வைத்துச் சிறு சிறு சதுரப் பாத்திகள் கட்டியிருப்பார்கள். மழைத்துளி விழுந்த பாத்தியை விட்டு நகரக்கூடாது என்பது கணக்கு. தட்டை மட்கி அடுத்த ஆண்டு எருவாகும். வயல் குறுகலானதால் பெரும்பகுதி கைக்கொத்துதான்; ஏர்மாடு தாழ்நிலத்திலும் அகன்ற வயல்களிலும் மட்டும்.

மாடு இருக்கு, ஆனா மேயவே விடுறதில்லையே, ஏன்?

மாட்டின் குளம்பு சுவரின் தலைக்கல்லை உதைத்துத் தள்ளிவிடும். மேய்ச்சல் நிலமும் மேட்டில் இல்லை. அதனால் வீட்டு வளவின் கீழ்மட்டத் தொழுவத்திலேயே கட்டி, சோளத்தட்டை, களை, மர இலை என்று தீவனத்தைச் சுமந்து வந்து போடுகிறார்கள். பதிலுக்குச் சாணம் ஒரு கூடைகூட வீணாகாமல் வயலுக்குப் போகிறது. சிறிய நிலம் இத்தனை காலம் தரிசு போடாமல் விளைவதற்கு இந்த எருவே காரணம்.

மலையில மட்டும்தான் விவசாயமா? ஓடையில ஏதோ கட்டியிருக்காங்களே?

ஓடைப் படுகைக்குக் குறுக்கே போட்ட அந்தக் கற்கட்டுகள் 'யேலா'. மேலே உள்ள சுவர்களின் வேலை மண்ணைப் போகவிடாமல் தடுப்பது. யேலாவின் வேலை போன மண்ணைப் பிடிப்பது. முதல் ஆண்டு கல்லுக்குப் பின்னால் ஒரு முழம் வண்டல் சேரும். அது நிரம்பியதும் கல்லை உயர்த்துவார்கள். சில ஆண்டுகளில் ஓடை இருந்த இடம் தட்டையான, ஈரம் நிற்கும் வயலாகிவிடும். மாவட்டத்திலேயே வளமான துண்டுகள் பல இப்படி உண்டானவை. அவசரப்பட்டு ஒரே ஆண்டில் உயரமாகக் கட்டினால் வெள்ளம் அடித்துப் போகும்.

சேகென், யாண்டா ஆற்றுப் பள்ளத்தாக்குகளில் வெள்ளம் வரும்போது அதைக் கால்வாய் வெட்டி வயலுக்குத் திருப்பும் பாசனம் உண்டு. விளைந்தால் அள்ளிக் கொடுக்கும் நிலம் அது. ஆனால் மேலே சொன்ன மலேரியா அங்கேதான், எல்லைச் சண்டைகளும் அங்கேதான்.

அங்க வீட்டுக்கு வீடு முருங்கை நிக்குதாமே, அது நம்ம முருங்கையேதானா?

ஒரே குடும்பம், வேறு இனம். நம்முடையது மொரிங்கா ஒலைஃபெரா. கொன்சோவில் இருப்பது மொரிங்கா ஸ்டெனோபெட்டாலா, தெற்கு எத்தியோப்பியாவுக்கும் வடக்கு கென்யாவுக்கும் சொந்தமான மரம். கொன்சோவில் 'ஷெலக்தா' என்பார்கள், அம்ஹாரிக்கில் 'ஷிஃபெராவ்'. உலகம் முழுக்க வழங்கும் 'மொரிங்கா' என்ற சொல் நம் முருங்கையிலிருந்து போனது என்பதால், அந்த மரத்துக்கும் ஒரு வகையில் பெயர் வைத்தது நம் பக்கத்து மொழிகள்தான்.

வேறுபாடு கண்ணுக்கே தெரியும். நம் முருங்கை சிற்றிலைகள் கட்டைவிரல் நகம் அளவு. அங்கே அதைவிடப் பெரியவை, கனமானவை. அடிமரம் பருத்து உப்பியிருக்கும், அதில் நீர் சேமிப்பு. ஆகவே எல்லாம் காய்ந்த மாதத்திலும் துளிர்க்கும். நாம் காய்க்கு வளர்க்கிறோம், அவர்கள் இலைக்கு வளர்க்கிறார்கள். சாம்பாரில் போடுகிற மாதிரிக் காயைத் தேடினால் ஏமாற்றம்தான். மரத்துக்கு மரம் கசப்பு மாறும். எந்த மரத்து இலை இனிப்பு, எது கசப்பு என்பது அந்த வீட்டுப் பெண்களுக்கு அத்துப்படி; விதை எடுப்பது இனிப்பு மரத்தில்தான். கிளைகளை அவ்வப்போது வெட்டிக் கை எட்டும் உயரத்தில் வைப்பார்கள். வீட்டு முற்றத்தில் மட்டுமல்ல, வயல் நடுவிலும் நிற்கும். வேறு காய்கறி எதுவும் இல்லாத நாளில் அந்த மரம்தான் குடும்பத்தின் கறி.

சாப்பாடு என்ன? கள்ளே சாப்பாடுன்னு சொல்றாங்களே, உண்மையா?

பாதி உண்மை. திடமான உணவில் முதலிடம் 'குர்குஃபா'வுக்கு. சோள மாவையோ மக்காச்சோள மாவையோ பிசைந்து சிறு உருண்டைகளாகப் பிடித்து, முருங்கையிலையோடு ஒரே பானையில் வேகவைப்பது. நம் கொழுக்கட்டை கீரைக்குள் வெந்த மாதிரி இருக்கும். அந்த இலை தடித்தது, நம் கீரை மாதிரி இரண்டு நிமிடத்தில் இறக்கினால் கசக்கும், நார் தட்டும். பொறுமையாக வேக வேண்டும்.

'செக்கா' என்பது சோளமோ மக்காச்சோளமோ கொண்டு செய்யும் கெட்டியான புளித்த பானம். மாவைக் கரைத்துப் பல நாள் புளிக்க வைத்து, வேகவைத்து, முளைகட்டிய தானிய மாவு சேர்த்து மீண்டும் நுரைக்க விடுவார்கள். கூழுக்கும் கள்ளுக்கும் நடுவில் இருக்கும். வயல் வேலைக்குப் போகிறவர்கள் பகல் முழுக்க அதையே ஆகாரமாகக் குடிப்பதுண்டு. அதில் மாவுச்சத்து உண்டு, போதையும் உண்டு. இந்தக் கள்ளைச் செய்து விற்பது பெண்களுக்கு முக்கியமான கைக்காசு. கூடவே, தானியம் தட்டுப்படும் ஆண்டிலும் ஒரு பங்கு கள்ளுக்குப் போகிறது என்ற வருத்தம் அவர்களுக்குள்ளேயே இருக்கிறது.

குடிதண்ணிக்கு என்ன வழி?

பழைய ஏற்பாடு 'ஹர்தா' என்ற குளம். ஊர்கூடி வெட்டி, கரையைக் கல்லால் கட்டி, மழைநீரைத் தேக்குவது. தூர் வாருவதும் ஊர்கூடித்தான், அதற்கென்று முறையும் சடங்கும் உண்டு. தொக்காத்து ஊர்ப்பக்கத்துக் குளம் பெரியது. கால்நடையும் மனிதரும் ஒரே குளத்தில் என்பதால் வயிற்று நோய் தொடர்கதை. இன்று பல இடங்களில் ஆழ்குழாயும் கைப்பம்பும் வந்துவிட்டன. பம்பு பழுதானால் உதிரிபாகம் வரும்வரை மறுபடி குளமும் ஓடை ஊற்றும்தான்.

காசு எங்கிருந்து வருது? சோளம் விக்கிறாங்களா?

சோளம் பெரும்பாலும் வீட்டுக்கே சரி. காசு தருபவை பருத்தி, நெசவுத்துணி, ஆடு, தேன், கள், முருங்கையிலைப் பொடி, கொஞ்சம் காப்பி. நூற்ற நூலை ஆண்கள் குழித்தறியில் நெய்கிறார்கள். கனத்த போர்வையும் பட்டை போட்ட துணியும் கொன்சோவின் பெயர் சொல்லும் சரக்கு. கராத்தில் திங்களும் வியாழனும் சந்தை, ஃபாஷாவில் சனிக்கிழமை. தெற்கே மாடு மேய்க்கும் போரனா மக்களோடு பழைய கொடுக்கல் வாங்கல்: இங்கிருந்து துணியும் தானியமும் போகும், அங்கிருந்து உப்பும் வெண்ணெயும் மாடும் வரும்.

நிலம் பெரும்பாலும் மூத்த மகனுக்கு. இளையவர்கள் தாழ்நிலத்துக்கோ நகரத்துக்கோ போய்க் கூலி வேலை செய்து பணம் அனுப்புகிறார்கள். சுவருக்கு ஆள் குறைவதன் வேர் இங்கேயும் இருக்கிறது.

அங்கயும் சாதி இருக்காமே?

வம்சம் ஒன்று, தொழிற்பிரிவு இன்னொன்று. இரண்டையும் குழப்பிக்கொள்ள வேண்டாம். கொன்சோவில் ஒன்பது குலங்கள். ஒரே குலத்துக்குள் திருமணம் கூடாது. இதில் உயர்வு தாழ்வு இல்லை.

உயர்வு தாழ்வு இருப்பது உழவருக்கும் 'ஹவுதா' எனப்படும் கைவினையாளருக்கும் நடுவே. கொல்லர், குயவர், தோல் பதனிடுவோர், நெசவாளர் ஆகியோரோடு உழவர் பெண் கொடுக்கல் வாங்கல் வைத்துக்கொள்ள மாட்டார்கள். நிலமும் கைவினையாளருக்கு இருந்ததில்லை. கொல்லர் அடித்த கொத்து இல்லாமல் வயல் இல்லை, குயவர் செய்த பானை இல்லாமல் கள் இல்லை. ஆனாலும் விலக்கு இருந்தது. 1974 புரட்சியும் அடுத்த ஆண்டின் நிலச் சட்டமும் அதை உடைக்க வழிசெய்தன. நெசவு இன்று உழவர் கைக்கும் போய்விட்டது. திருமணத்தில் மட்டும் பழைய கோடு இன்னும் முழுதாக அழியவில்லை. வெளியார் இதைக் கிராமத்தில் வெளிப்படையாகக் கேட்பது நாகரிகமல்ல.

மோராவில நிக்கிற மரத்தை எண்ணி ஊர் வயசைச் சொல்லலாமாமே, நிஜமா?

ஓரளவு. ஊர்ப் பொறுப்பு ஒரு தலைமுறையிடமிருந்து அடுத்ததற்குக் கைமாறும் சடங்கின்போது ஒரு நீண்ட தேவதாரு மரத்தை வெட்டி வந்து பழைய கட்டோடு சேர்த்து நடுவார்கள், அது 'ஒலாஹிதா'. கராத் பக்கத்தில் இந்தச் சடங்கு 18 ஆண்டுக்கு ஒருமுறை. 10 மரம் இருந்தால் 180 ஆண்டு என்பது வழிகாட்டிகள் சொல்லும் கணக்கு. அடி மக்கி விழுந்த மரம் எண்ணிக்கையில் வராது, எல்லா வட்டாரத்திலும் இடைவெளி ஒன்றல்ல. ஆகவே கிடைப்பது குறைந்தபட்ச வயதுதான். பக்கத்திலேயே நட்டிருக்கும் நெடுங்கல் 'தாகா-ஹெலா'வும் தலைமுறைக்கு அடையாளம். கல் நடும் வழக்கம் இன்னும் உயிரோடு இருக்கும் கடைசிச் சில சமூகங்களில் கொன்சோ ஒன்று. 2011இல் யுனெஸ்கோ கொன்சோ நிலப்பரப்பை உலக மரபுச் சின்னமாக அறிவித்தபோது 21 தலைமுறை, 400 ஆண்டுக்கு மேல் என்று குறித்தது.

மரச்சிலை ஒண்ணு வாங்கிட்டு வரலாமா?

பழைய சிலையைத் தொடாதீர்கள். அவை 'வாகா', கல்லறைச் சிலைகள். எதிரியையோ சிங்கம், சிறுத்தையையோ கொன்ற வீரன் நடுவில். பக்கத்தில் மனைவிமார், கொல்லப்பட்டவர்கள் சிறிய உருவில். நெற்றியில் ஆண்மைச் சின்னம், கழுத்தில் மணிமாலை. பல வாகாக்கள் திருடப்பட்டு விற்கப்பட்டன. மீட்டவற்றை வைக்கவே கராத்தில் அருங்காட்சியகம் கட்டினார்கள். பழம்பொருளை நாட்டுக்கு வெளியே கொண்டுபோவது சட்டப்படி குற்றம். இளைஞர்கள் செதுக்கி விற்கும் சிறு பொம்மைகளை வாங்கலாம், அது அவர்களுக்கு வருமானம்.

இப்பவும் அந்தப் பழைய சாமியைத்தான் கும்பிடுறாங்களா?

பெரும்பான்மையினர் இன்று புராட்டஸ்டண்ட் கிறிஸ்தவர்கள். 1950களில் நார்வே லூத்தரன் மிஷன் வந்தது, இப்போது மெக்கானே யேசுஸ் சபை வலுவானது. வானத்துக் கடவுள் 'வாகா'வை நம்பும் பழைய மரபும், 'பொகல்லா' என்ற குலத்தலைவர்களின் மதிப்பும் கூடவே நிற்கின்றன. (கடவுளின் பெயரும் சிலையின் பெயரும் தமிழில் ஒன்றுபோல எழுதப்பட்டாலும் இரண்டும் ஒன்றல்ல.) காலா, பமாலே, குஃபா என்ற காடுகள் பொகல்லாக்களின் காவலில் இருப்பவை. சுற்றிலும் மரம் அருகிய மலையில் தேவதாரு தப்பிப் பிழைத்திருப்பது அந்தக் காவலால்தான். பெரிய பொகல்லா இறந்தால் உடலைப் பதப்படுத்தி 9 ஆண்டு, 9 மாதம், 9 நாள் வைத்திருந்து பிறகே அடக்கம் செய்வது மரபு.

'நியூயார்க்'னு ஒரு இடம் இருக்காமே?

கெசெர்கியோ ஊருக்குப் பக்கத்துப் பள்ளம் அது. மழை அரித்த சிவப்பு மண் தூண்கள் வானளாவிய கட்டடங்கள் போல நிற்பதால் வந்த செல்லப்பெயர். படம் எடுக்க நன்றாக இருக்கும். பிடிப்பு இல்லாத மண்ணை இந்த மழை என்ன செய்யும் என்பதையும் அங்கேயே பார்த்துவிடலாம்; திரும்பி எதிர் மலையில் அடுக்கு வயலைப் பாருங்கள்.

இவ்வளவு திறமை இருந்தும் நிவாரணத் தானியம் ஏன் வாங்குறாங்க?

இதுதான் ஆகக் கடினமான கேள்வி. சுவர் பெய்த மழையைத்தான் பிடிக்கும், பெய்யாததை அல்ல. 2020 கடைசியிலிருந்து ஆப்பிரிக்கக் கொம்பு நாடுகளில் ஐந்து மழைப் பருவங்கள் வரிசையாகப் பொய்த்தன. ஒரு பருவம் பொய்த்தால் மறுதாம்பும் முருங்கையும் தாங்கும். இரண்டு பொய்த்தால் ஆட்டை விற்பார்கள். அதற்கு மேல் விற்க ஒன்றும் இருக்காது. அதே காலத்தில், 2020 நவம்பரில், கொன்சோவிலும் அண்டைப் பகுதிகளிலும் மூண்ட மோதலில் உயிர்கள் போயின, பல்லாயிரம் பேர் வீடு விட்டு ஓடினார்கள். தாழ்நில வயல்கள் விதைக்கப்படாமல் கிடந்தன. பஞ்சத்தாங்கியாக இருந்த நிலமே கைக்கு எட்டாமல் போனது.

இதற்கு அடியில் மெதுவாக நடப்பது, மக்கள் பெருகி நிலம் துண்டாவதும் இளைஞர்கள் வெளியேறுவதும். 2005இல் தொடங்கிய அரசின் பாதுகாப்பு வலைத் திட்டத்தில் உணவுக்கோ பணத்துக்கோ பொதுவேலை செய்கிறார்கள், அதில் கல்வரப்பும் அடங்கும். பசிக்கு அது உதவுகிறது, சந்தேகமில்லை. ஆனால் மீட்டர் கணக்கில் வேலையை அளக்கும்போது கடைக்காலும் பின்னிருக்கும் சில்லுக்கல்லும் கணக்கில் வருவதில்லை. அவை இல்லாத சுவர் எப்படி முடியும் என்பதை மேலே சொல்லியாகிவிட்டது. கிழவர் ஒருவரை மேற்பார்வைக்கு வைப்பது செலவில்லாத மருந்து என்பது எங்கள் கருத்து.

தகரக்கூரை போட்டுட்டாங்களே, உலக மரபுச் சின்னம்கிற பேரு போயிடாதா?

கூரைப்புல் அருகிவிட்டது, சில ஆண்டுக்கு ஒருமுறை மாற்றியாக வேண்டும், நெருப்புக்கும் பயம். நெருக்கமான ஊரில் ஒரு பொறி போதும். இந்த நிலையில் தகரம் வேண்டாம் என்று சொல்ல வெளியாருக்கு உரிமை கிடையாது. வீட்டுக்கூரையைவிட மோராவின் பொதுவீடும், சுற்றுச்சுவரும், வயலும் நிற்பதுதான் முக்கியம். ஊர்க்கூட்டத்துக்கு ஆள் திரட்டும் முறை நின்றால் இவை மூன்றுமே போகும்.

போறதுன்னா எப்படிப் போறது, எதுல கவனமா இருக்கணும்?

அடிஸ் அபாபாவிலிருந்து அர்பா மிஞ்ச் வரை விமானமோ பேருந்தோ; அங்கிருந்து சாலை. கிளம்பும் முன் அந்த வாரத்துப் பாதுகாப்பு நிலவரத்தை அர்பா மிஞ்சிலேயே விசாரியுங்கள். கராத்தில் நுழைவுக் கட்டணம் கட்டி உள்ளூர் வழிகாட்டியைக் கூட்டிக்கொள்ள வேண்டும். மழை மாதத்தில் மலைச்சாலை வழுக்கும்.

நேரத்தில் எல்லோரும் ஒருமுறையாவது ஏமாறுவார்கள். எத்தியோப்பியக் கணக்கில் பகல் நம் காலை ஆறு மணிக்குத் தொடங்குகிறது. 'இரண்டு மணிக்குச் சந்தை களைகட்டும்' என்றால் நமக்குக் காலை எட்டு. எந்தக் கணக்கு என்று கேட்டு உறுதிசெய்துகொள்ளுங்கள்.

வயலில் நடக்கும்போது சுவரின் தலைக்கல்மேல் கால் வைக்காதீர்கள். ஏறி இறங்க ஓரத்தில் நீட்டிக்கொண்டிருக்கும் படிக்கற்கள் உண்டு. தவறி ஒரு கல் உருண்டுவிட்டால் நீங்களாக எடுத்துச் செருக வேண்டாம், இடுக்கு மேல் இடுக்கு வந்துவிடும். வயல்காரரைக் கூப்பிட்டுக் காட்டுங்கள், அவர் வைத்துக்கொள்வார்.